சாவடியும் கடலடி வடமும்: தமிழ்நாட்டில் அழைப்பு மையத் தொழில் வளர்ந்த வரலாறு

ஒரு தொழில் ஓர் இடத்தைத் தேடி வருவதற்கு அந்த இடத்தின் மண்ணே காரணமாக அமைவதுண்டு. தமிழ்நாட்டில் அதற்கு நெய்வேலியைவிடத் தெளிவான சான்று வேறில்லை. நிலத்தடியில் பழுப்பு நிலக்கரி கிடந்த காரணத்தால் 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. 1957-இல் சுரங்கப் பணி தொடங்கியது. 1961-இல் நிலக்கரி வெளிப்பட்டது. 1962-இல் சோவியத் நாட்டின் உதவியோடு அமைந்த அனல்மின் நிலையத்தின் முதல் அலகு மின்சாரம் தந்தது. பல ஊர்களின் நிலங்கள் கையகப்படுத்தப்பட்டு, அவற்றின் மேல் சுரங்கமும் நகரியமும் எழுந்தன. அந்தத் தொழிலை வேறோர் ஊருக்குப் பெயர்த்துச் செல்ல எவராலும் முடியாது, ஏனெனில் நிலக்கரி அங்கேதான் இருக்கிறது.

அதே வட்டாரத்தில், கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த குள்ளஞ்சாவடி வேறு வகையான ஊர். சாவடி என்பது வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் பொதுக் கட்டடத்தைக் குறிக்கும் சொல். பெயரிலேயே சாலையைச் சுமந்து நிற்கும் இவ்வூரின் சுற்றுவட்டாரத்தில் முந்திரியும், இப்பகுதி மக்கள் மல்லாட்டை என்று அழைக்கும் நிலக்கடலையும் விளைகின்றன. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் உலகெங்கும் பரவிய அழைப்பு மையத் தொழிலுக்கு நிலக்கரியோ துறைமுகமோ ஆற்றுநீரோ தேவைப்படவில்லை. தொலைபேசித் தடம், தடையில்லா மின்சாரம், பேசத் தெரிந்த மனிதர் ஆகிய மூன்றும் போதும் என்றே அத்தொழில் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டது. அப்படியானால் அது எந்தச் சாலையோர ஊரிலும் நடந்திருக்கலாம். ஆனால் அது பெருநகரங்களிலேயே குவிந்தது. தென் மாநிலங்களுக்கு மின்சாரம் தந்த வட்டாரத்தின் ஊர்கள் அத்தொழிலுக்கு ஆட்களை அனுப்பும் இடங்களாகவே நின்றன. எங்கும் நடத்தக்கூடிய ஒரு தொழில் ஏன் சில இடங்களில் மட்டும் தங்கியது, அது யார் செலவில் வளர்ந்தது, இனி எங்கே நிலைக்கும் என்பவற்றை இவ்வரலாறு விளக்குகிறது.

டிரங்க் காலிலிருந்து அழைப்பு மையம் வரை

அழைப்பு மையம் என்பது, ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர்களிடமிருந்து வரும் தொலைபேசி அழைப்புகளை ஒரே கூடத்தில் அமர்ந்திருக்கும் பல ஊழியர்கள் பகிர்ந்து ஏற்றுப் பதிலளிக்கும் அமைப்பு. வரும் அழைப்புகளை ஏற்பது உள்வரும் பணி. நிறுவனத்தின் சார்பில் மக்களை அழைத்துப் பொருள் விற்பதும் கடன் நிலுவை கேட்பதும் வெளிச்செல்லும் பணி. இவ்வேலையை ஒரு நிறுவனம் தானே செய்யாமல், கட்டணம் பெற்றுச் செய்து தரும் வேறொரு நிறுவனத்திடம் ஒப்படைப்பதே அவுட்சோர்சிங் எனப்படும் வெளியொப்பந்தம். குரல் பணியோடு கணக்கெழுதுதல், படிவம் நிரப்புதல், காப்பீட்டுக் கோரிக்கைகளைச் சரிபார்த்தல் முதலிய பின்னலுவலக வேலைகளையும் சேர்த்து பிபிஓ என்ற பெயர் வழங்கலாயிற்று.

இத்தொழிலின் முன்னோடியைத் தொலைபேசி இணைப்பகத்திலேயே காணலாம். 1882 ஜனவரி 28 அன்று கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் இணைப்பகங்கள் தொடங்கப்பட்டதாக அஞ்சல் தந்தித் துறையின் வரலாறு குறிக்கிறது. அதன்பின் ஒரு நூற்றாண்டுக் காலம் வெளியூருக்குப் பேச விரும்பியவர் டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது. சாதாரணம், அவசரம், மின்னல் என மூன்று தரக் கட்டணங்கள் இருந்தன. காதில் கேட்பொறி அணிந்து, முகம் தெரியாத ஆயிரம் பேருக்கு ஒரே கனிவோடு பதில் சொல்லி, பேசும் நேரம் கணக்கிடப்பட்ட அந்த டெலிபோன் ஆபரேட்டர்களின் வேலையில் பிற்கால அழைப்பு மைய வேலையின் இலக்கணம் முழுமையும் அடங்கியிருந்தது. ஒரே வேறுபாடு, அவர்கள் பெரும்பாலும் அரசு ஊழியர்; அவர்களுக்கு ஓய்வூதியம் இருந்தது.

அமெரிக்காவில் அழைப்பவருக்குக் கட்டணமில்லாத 800 எண்களை 1967-இல் ஏடி அண்டு டி நிறுவனம் அறிமுகப்படுத்தியதும், வரும் அழைப்பைக் காத்திருக்கும் ஊழியருக்குத் தானே பகிர்ந்தளிக்கும் கருவியை 1970-களில் விமான நிறுவனங்கள் பயன்படுத்தத் தொடங்கியதும் இத்தொழிலின் இரு அடித்தளங்கள். வாடிக்கையாளருக்குத் தான் பேசும் ஆள் எந்த ஊரில் இருக்கிறார் என்பது தெரியாது, தெரியவேண்டிய தேவையும் இல்லை என்ற நிலை வந்ததும், ஊதியம் குறைந்த ஊருக்கு வேலையை நகர்த்தும் எண்ணம் இயல்பாகவே தோன்றியது. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் தன் பயணச்சீட்டு விவரங்களைக் கணினியில் ஏற்றும் வேலையைக் கரீபியத் தீவான பார்படோசுக்கு மாற்றியது. காகிதமே கடல் கடந்து சென்று வேலையாகித் திரும்பிய அக்காலத்தில், குரல் கடல் கடப்பதற்கு இன்னும் ஒரு தலைமுறைக் காலம் தேவைப்பட்டது.

அரசு அமைத்த தடம்

இந்தியாவுக்கு இத்தொழில் வந்த கதையைச் சொல்வோர் ஆங்கில அறிவையும் மலிவான ஊதியத்தையும் காரணமாகச் சொல்வது வழக்கம். இவ்விரண்டும் 1980-லும் இருந்தன. ஆனால் அழைப்பு மையம் இல்லை. இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் மாறியது தடம். அந்தத் தடத்தின் அடித்தளத்தை அமைத்தது பெரும்பாலும் அரசு.

1984-இல் நிறுவப்பட்ட சி-டாட் என்னும் தொலைத்தொடர்பு ஆய்வு மையம், குளிரூட்டும் வசதி இல்லாத சிற்றூர்களிலும் வெப்பத்தையும் தூசியையும் தாங்கி இயங்கும் தானியங்கி இணைப்பகத்தை உருவாக்கியது. 128 இணைப்புகளைக் கொண்ட அத்தகைய ஊரக இணைப்பகம் 1986-இல் கர்நாடகத்தின் கித்தூரில் முதன்முதலில் இயங்கியது. இவ்வகை இணைப்பகங்கள் பரவியதும் கடைத்தெருக்களில் மஞ்சள் பலகையோடு எஸ்டிடி பூத்துகள் முளைத்தன. இரவு நேரக் கட்டணச் சலுகைக்காக மக்கள் வரிசையில் நின்றனர். வெளியூர் அழைப்பு என்பது அச்சம் தரும் செய்தியாக இருந்த நிலை மாறி அன்றாடப் பேச்சானது இக்காலத்தில்தான்.

வேலை கடல் கடக்கும் தடம் வேறு வழியில் அமைந்தது. 1985-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் பெங்களூரில் செயற்கைக்கோள் இணைப்பின் துணையோடு தன் வடிவமைப்பு மையத்தைத் தொடங்கியது. 1991-இல் நடுவண் அரசு மென்பொருள் தொழில்நுட்பப் பூங்கா என்ற அமைப்பை உருவாக்கி, ஏற்றுமதி நிறுவனங்களுக்குத் தனிவழித் தடங்களை வாடகைக்குத் தந்தது. தனிவழித் தடம் என்பது பொதுத் தொலைபேசி வலையில் கலக்காமல், ஒரு நிறுவனத்துக்கென்றே இரு நாடுகளுக்கிடையே ஒதுக்கப்படும் இணைப்பு. 1990-களின் நடுவில் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் டெல்லியிலும், 1996-இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் மும்பையிலும், 1997-இல் ஜெனரல் எலக்ட்ரிக்கின் நிதிப் பிரிவு குர்கானிலும் பின்னலுவலகங்களை நிறுவின. இவை தத்தம் தாய் நிறுவனங்களின் வேலையை மட்டுமே செய்தன. பிற நிறுவனங்களின் வேலையையும் கட்டணத்துக்கு ஏற்கும் தனி நிறுவனங்கள் இவற்றின் அனுபவத்திலிருந்தே தோன்றின. குர்கான் மையத்தை அமைப்பதில் முன்னின்ற ராமன் ராய் 2000-இல் ஸ்பெக்ட்ராமைண்டைத் தொடங்கியதும், அதை 2002-இல் விப்ரோ வாங்கியதும் இம்மாற்றத்தின் அடையாளங்கள்.

சட்டமும் வரியும் இதற்கு இணையாக நகர்ந்தன. 1999-ஆம் ஆண்டின் புதிய தொலைத்தொடர்புக் கொள்கை, தொலைபேசித் தடத்தைத் தானே அமைக்காமல் பிறர் தடத்தின் மேல் சேவை நடத்துவோரைப் பிற சேவை வழங்குநர் என்ற தனி வகையாக ஏற்றது. அழைப்பு மையங்கள் அவ்வகையில் பதிவு பெற்றன. 2000 செப்டம்பர் 26-இல் வெளியான வருமான வரி அறிவிக்கை, அழைப்பு மையம், பின்னலுவலகப் பணி, மருத்துவக் குரல்பதிவுகளை எழுத்தாக்கும் பணி முதலியவற்றைத் தகவல் தொழில்நுட்பம் சார்ந்த சேவைகளாகப் பட்டியலிட்டது. அதன் பயனாக, மென்பொருள் ஏற்றுமதிக்கு இருந்த வரிவிலக்கு தொலைபேசியில் பேசும் வேலைக்கும் கிடைத்தது. 2011 மார்ச் வரை அவ்விலக்கு நீடித்தது. 2002-இல் வெளிநாட்டு அழைப்புகளின் மீதிருந்த விஎஸ்என்எல் நிறுவனத்தின் தனியுரிமை முடிவுக்கு வந்து, தடத்தின் விலை வேகமாகச் சரிந்தது.

சென்னையின் இரவுகள்

சென்னையின் வளர்ச்சிக்கு மேலும் சில காரணங்கள் சேர்ந்தன. 1984-இல் எம்.ஜி.ஆர். அரசு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு வழிதிறந்தது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் சிறு நகரங்களின் எல்லைகளில்கூடக் கல்லூரிகள் எழுந்தன. சிதம்பரத்தில் 1929-இலிருந்தே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைப் பெற்றிருந்த தென்னார்க்காட்டுப் பகுதி, பட்டதாரிகளை உருவாக்குவதில் பின்தங்கியிருக்கவில்லை. அயல்நாட்டுப் பதிப்பகங்களுக்கு அச்சுக்கோப்பு செய்து தரும் தொழில் சென்னையிலும் புதுச்சேரியிலும் முன்பே வேர்விட்டிருந்தது. 1994-இல் புதுச்சேரியில் தொடங்கிய இன்டெக்ரா அதற்கு ஒரு சான்று. வெளிநாட்டு வாடிக்கையாளரின் கெடுவுக்குள் பிழையின்றி வேலை முடித்துத் தரும் பழக்கத்தை இப்பகுதி பெற்றது இத்தொழிலில்தான்.

1997-இல் தமிழக அரசு தகவல் தொழில்நுட்பக் கொள்கையை வெளியிட்டது. டிட்கோ, எல்காட் என்னும் இரு அரசு நிறுவனங்கள் இணைந்து எழுப்பிய தரமணி டைடல் பூங்கா 2000 ஜூலை 4-இல் திறக்கப்பட்டது. 1998-இல் தொடங்கிய ஆல்செக், 1999-இல் தொடங்கிய ஆபிஸ்டைகர் போன்ற நிறுவனங்கள் சென்னையில் வளர்ந்தன. நியூயார்க் வங்கிகளின் ஆவணங்களை ஒரே இரவில் முடித்துத் தந்த ஆபிஸ்டைகரை 2006-இல் அமெரிக்க அச்சு நிறுவனமான ஆர்.ஆர். டோனெல்லி 25 கோடி டாலருக்கு வாங்கியது. உலக வங்கி 2001-இல் தன் கணக்குப் பணிகளின் ஒரு பகுதியைச் சென்னைக்கு மாற்றியது. 2002-இல் பார்தி, சிங்டெல் நிறுவனங்கள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே சுமார் 3,200 கிலோமீட்டர் நீளமுள்ள ஐ2ஐ என்னும் கடலடி வடத்தை இட்டன. 2004-இல் டாடாவின் வடமும், 2005-இல் தென்கிழக்கு ஆசியாவிலிருந்து மேற்கு ஐரோப்பா வரை நீளும் சீ-மீ-வீ 4 வடமும் சென்னைக் கரையைத் தொட்டன. கடலடி வடம் என்பது கண்ணாடி இழைகளின் வழியே ஒளியாகச் செய்தியைக் கடத்துவது; செயற்கைக்கோள் வழியில் குரல் விண்ணுக்குச் சென்று திரும்பும்போது ஏற்பட்ட தாமதத்தை அது நீக்கியது. அரை நொடித் தாமதம் எழுத்து வேலைக்குப் பொருட்டில்லை. ஆனால் உரையாடலில் அது இருவரையும் தடுமாறச் செய்யும். வடம் கரையேறிய பிறகே குரல் பணி சென்னையில் நிலைத்தது. நிலக்கரி நெய்வேலியைத் தேர்ந்ததுபோல, இங்கே வடம் சென்னையைத் தேர்ந்தது என்று சொல்லத் தோன்றும். ஆனால் நிலக்கரியை இயற்கை வைத்தது, வடத்தின் கரையையோ கொள்கையும் முதலீடும் தீர்மானித்தன.

வேலையின் உள்ளமைப்பை நேர வேறுபாடு வகுத்தது. சென்னை நேரம் நியூயார்க் நேரத்துக்கு ஒன்பதரை அல்லது பத்தரை மணி நேரம் முந்தியது. ஆதலால் அங்குள்ளோரின் பகலுக்குப் பணிபுரிய இங்குள்ளோர் இரவு முழுதும் விழித்திருக்க வேண்டும். மாலையில் கேப் எனப்படும் நிறுவன வாகனம் வீட்டு வாசலுக்கு வரும். விடியலில் அதுவே திரும்பக் கொண்டுவிடும். பிராசஸ் என்று ஊழியர்கள் சொல்லும் ஒவ்வொரு பணித்திட்டத்துக்கும் தனிப் பயிற்சி உண்டு. உச்சரிப்புப் பயிற்சியில் தாய்மொழியின் சாயல் களையப்படும். தொடக்க ஆண்டுகளில் பலர் வாடிக்கையாளருக்கு எளிதாக இருக்கும் அயல் பெயரைச் சூடிக்கொண்டனர். ஓர் அழைப்புக்கு எத்தனை நிமிடம், இரு அழைப்புகளுக்கிடையே எத்தனை நொடி, கழிவறைக்கு எத்தனை நிமிடம் என அனைத்தும் கணினியால் அளக்கப்பட்டன. மல்லாட்டை என்று பேசி வளர்ந்தவர், தன் பேச்சில் ஊர் எது என்று தெரியாதபடி பேசக் கற்றுக்கொண்டதற்கு ஊதியம் பெற்றார். அந்த ஊதியம் பல குடும்பங்களின் கடனை அடைத்தது, தங்கைகளைப் படிக்கவைத்தது. உறக்கக் குறைவும் செரிமானக் கோளாறும் அதற்கான விலையாயின. இத்தொழிலை மதிப்பிடுவோர் இவ்விரண்டையும் சேர்த்தே நிறுக்க வேண்டும்.

பெண்களின் இரவுப் பணி இவ்வரலாற்றில் தனி இடம் பெறுகிறது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 66-ஆவது பிரிவு, தொழிற்சாலைகளில் காலை 6 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் பெண்கள் பணிபுரிவதைத் தடுத்தது. 2000 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அத்தடையை அரசமைப்புக்கு முரணானது என்று நீக்கி, போக்குவரத்து, ஓய்வறை முதலிய பாதுகாப்பு நிபந்தனைகளை விதித்தது. அவ்வழக்கு ஆலைப் பெண் தொழிலாளர்களைப் பற்றியது. அழைப்பு மையங்கள் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் வருவன. ஆயினும் பெண் இரவில் வேலைக்குச் செல்லலாம் என்ற கருத்து நீதிமன்றத்திலும் குடும்பத்திலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் இடம்பிடித்தது. 2005 டிசம்பரில் பெங்களூரில் இரவுப் பணிக்குச் சென்ற பெண் ஊழியர் ஒருவர் வாகன ஓட்டுநரால் கொல்லப்பட்ட பிறகே, பெண் தனியாக வாகனத்தில் இல்லாதபடி பார்த்துக்கொள்வது, காவலர் உடன் செல்வது போன்ற நடைமுறைகள் கண்டிப்பாயின.

ஆப்பிரிக்க நாடுகளின் பாடம்

தடமே தொழிலைத் தீர்மானிக்கிறது என்பதை ஆப்பிரிக்க நாடுகளின் அனுபவம் உறுதிப்படுத்துகிறது. கானாவின் தலைநகர் அக்ராவில் 2000 முதல் அமெரிக்க மருத்துவக் காப்பீட்டுப் படிவங்கள் கணினியில் ஏற்றப்பட்டன. சில ஆண்டுகளில் நியூயார்க் நகரத் தெருக்களில் குப்பை போட்டதற்கும் ஒலி எழுப்பியதற்கும் விதிக்கப்பட்ட அபராதச் சீட்டுகளின் விவரங்களும் அங்கேயே ஏற்றப்பட்டன. அவை எழுத்து வேலைகள். செயற்கைக்கோள் தாமதம் அவற்றைப் பாதிக்கவில்லை. பிரெஞ்சு பேசும் செனகலும் மொராக்கோவும் பிரான்சுக்கான குரல் பணியை ஏற்றன. ஆங்கிலம் பேசும் கென்யாவிலோ 2009 வரை கடலடி வடமே இல்லை. நைரோபியின் முதல் அழைப்பு மையங்கள் செயற்கைக்கோளையே நம்பியிருந்தன. 2009-இல் கென்ய அரசின் முன்முயற்சியில் மொம்பாசாவிலிருந்து ஐக்கிய அரபு அமீரகத்தின் ஃபுஜைரா வரை இடப்பட்ட டீம்ஸ் வடமும், அதே ஆண்டு ஜூலையில் இயங்கத் தொடங்கிய சீகாம் வடமும் அத்தடையை நீக்கின. அரசு உலக வங்கி உதவியோடு அழைப்பு மையங்களின் இணைப்புச் செலவில் மானியமும் தந்தது.

ஆயினும் கென்யா இந்தியாவின் வளர்ச்சியை எட்டவில்லை. வடம் வந்தபோது சந்தை ஏற்கெனவே பிறர் கையில் இருந்தது; இந்தியாவே 2010 வாக்கில் குரல் பணியில் பிலிப்பைன்சிடம் முதலிடத்தை இழந்திருந்தது. அமெரிக்க உச்சரிப்புக்கு நெருக்கமாகப் பேசும் மணிலா நகர இளைஞர்கள், சென்னையும் குர்கானும் பெற்ற அழைப்புகளைப் பெற்றுக்கொண்டனர். அதே 2010-இல் சைன் நிறுவனத்தின் ஆப்பிரிக்கத் தொழிலை 1,070 கோடி டாலருக்கு வாங்கிய பார்தி ஏர்டெல், அந்நாடுகளின் வாடிக்கையாளர் சேவையை ஐபிஎம், டெக் மகிந்திரா, ஸ்பான்கோ நிறுவனங்களிடம் வெளியொப்பந்தமாக அளித்தது. ஆப்பிரிக்க ஊழியர்கள் தம் நாட்டு மக்களுக்குத் தம் மொழிகளிலேயே பதிலளிக்கும் பெரிய மையங்கள் இவ்வழியில் உருவாயின. அயல்நாட்டு அழைப்பை எதிர்பார்த்துத் தொடங்கிய ஒரு தொழில், சொந்த நாட்டு அழைப்பால் நிலைபெற்றது என்பது இதில் கவனிக்க வேண்டிய திருப்பம்.

சிற்றூரை நோக்கிய முயற்சிகள்

தமிழ்நாட்டில் இத்தொழிலைப் பெருநகரத்துக்கு வெளியே கொண்டுசெல்லும் முயற்சி 2005 வாக்கில் தொடங்கியது. சென்னை ஐஐடியின் ஊரகத் தொழில் வளர் மையத்தின் ஆதரவில் சலோனி மல்ஹோத்ரா தொடங்கி, 2007-இல் நிறுவனமான தேசிக்ரூ, திருவாரூர் மாவட்டத்தின் கொல்லுமாங்குடி போன்ற ஊர்களில் மையம் வைத்தது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அப்போதைய ஆட்சியர் சந்தோஷ் பாபுவின் முயற்சியில் ஃபாஸ்டெரா என்னும் ஊரக மையம் இயங்கியது. இம்முயற்சிகளைத் தொடர்ந்து 2010-இல் தமிழக அரசு ஊரக பிபிஓ கொள்கையை வெளியிட்டு, முதலீட்டுக்கும் பயிற்சிக்கும் மானியம் அளித்தது. நடுவண் அரசின் இந்திய பிபிஓ ஊக்குவிப்புத் திட்டம், 493 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் நாடெங்கும் 48,300 இருக்கைகளை உருவாக்க இலக்கு வைத்து, சென்னை உள்ளிட்ட பெருநகரங்களை வேண்டுமென்றே விலக்கியது. இருக்கை என்பது ஓர் ஊழியர் அமரும் கணினியும் இணைப்பும் கொண்ட இடம், இத்தொழிலின் அளவுகோல்.

ஊரக மையங்களின் பொருளாதாரம் எளியது. இடவாடகை குறைவு, ஊழியர் தம் வீட்டிலிருந்தே வந்துபோவதால் விடுதிச் செலவு இல்லை, நகரத்தில் ஓராண்டுக்குள் வேலையை விட்டுச் செல்வோர் பலராக இருக்க, இங்கே ஊழியர் நீண்டகாலம் தங்குவர். ஆனால் மின்வெட்டும் அறுபடும் இணைப்பும் அந்த ஆதாயத்தை விழுங்கின. இவற்றின் வேலை பெரும்பாலும் குரலின்றி எழுத்தளவில் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். சென்னைக்கு வெளியே எல்காட் அமைத்த சிறப்புப் பொருளாதார மண்டலங்கள் கோவை, மதுரை, திருச்சி, சேலம், திருநெல்வேலி, ஓசூர் ஆகிய நகரங்களோடு நின்றன. கடலூர் அப்பட்டியலில் இல்லை. 2024-இல் விழுப்புரம் மாவட்டம் திருச்சிற்றம்பலத்தில், புதுச்சேரி எல்லையை ஒட்டித் திறக்கப்பட்ட டைடல் நியோ பூங்காவே கடலூர் மாவட்டத்தவருக்கு அருகில் வந்த முதல் பெரிய அரசுப் பூங்கா எனலாம்.

இதற்கிடையில் 2020 மார்ச்சில் வந்த பெருந்தொற்று ஊரடங்கு, எவரும் திட்டமிடாத ஒரு சோதனையை நடத்திக் காட்டியது. அழைப்பு மைய ஊழியர் வீட்டிலிருந்தே பணிபுரிய அரசு விதிகளைத் தளர்த்தியது. அவ்வாண்டு நவம்பரில், பிற சேவை வழங்குநராகப் பதிவு பெறும் கட்டாயமும் நீக்கப்பட்டது. சென்னையிலிருந்து ஊர் திரும்பிய இளைஞர்கள் தத்தம் வீட்டுத் திண்ணையிலும் மாடியறையிலும் அமர்ந்து அதே வேலையைச் செய்தனர். இத்தொழில் சிற்றூரில் நடக்காது என்ற வாதம் அத்துடன் முடிந்தது. நல்ல இணைப்பு இருந்தால் நடக்கும் என்பது தெளிவாயிற்று. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை வடத்தைக் கொண்டுசேர்க்கும் டான்ஃபிநெட் திட்டம் இதனாலேயே சாலைப் பணிக்கு இணையான பொதுப்பணியாகிறது.

தமிழில் ஒலிக்கும் குரல்

அயல்நாட்டுக்காக உருவான இதே அமைப்பு சத்தமில்லாமல் தமிழுக்கும் திரும்பியது. 2004 ஜனவரி 21-இல் தொடங்கிய கிசான் கால் சென்டர், 1551 என்ற எண்ணில் உழவர்களின் ஐயங்களுக்கு அவரவர் மொழியில் பதில் தரலாயிற்று. 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் 108 அவசர ஊர்தி சேவை தொடங்கியது. விபத்தும் பிரசவ வலியும் அழைப்பு மையத்தின் வழியே ஊர்தியை அடைந்தன. அதன்பின் மருத்துவ ஆலோசனைக்கு 104, பெண்களின் உதவிக்கு 181, அரசிடம் முறையிட 1100 என எண்கள் பெருகின. 2004-இன் ஆழிப்பேரலை, 2011 டிசம்பர் 30-இல் முந்திரித் தோப்புகளை வேரோடு சாய்த்த தானே புயல், 2015-இன் பெருவெள்ளம் ஆகியவற்றைக் கண்ட கடலூர் மாவட்டத்துக்கு, மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்ற எண் மனப்பாடமாக இருக்க வேண்டிய ஒன்று.

இந்தக் குரல் பணிக்கும் அயல்நாட்டுக் குரல் பணிக்கும் அடிப்படையில் ஒரு வேறுபாடு உண்டு. அயல்நாட்டுப் பணி, பேசுபவரின் ஊரை மறைக்கச் சொல்கிறது. தமிழ்ப் பணிக்கோ அவரது ஊரறிவே முதல் தகுதி. மல்லாட்டையில் இலை சுருள்கிறது என்று சொல்லும் உழவருக்கு, அச்சொல் நிலக்கடலையைக் குறிக்கும் என்று தெரிந்தவரே பதில் சொல்ல முடியும். குள்ளஞ்சாவடி வளைவில் வண்டி கவிழ்ந்துவிட்டது என்று பதறுபவரிடம், அந்தச் சாலை கடலூருக்கும் குறிஞ்சிப்பாடிக்கும் இடையில் உள்ளது என்று அறிந்தவர் கேட்கும் கேள்விகள் உயிர்காக்கும் நிமிடங்களை மிச்சப்படுத்தும். இவ்வறிவை மணிலாவுக்கோ நைரோபிக்கோ வெளியொப்பந்தம் விட முடியாது.

இன்று இத்தொழிலின் அயல்நாட்டுப் பகுதி புதிய சோதனையை எதிர்கொண்டிருக்கிறது. சுவீடனின் கிளார்னா நிறுவனம் 2024-இல் தன் செயற்கை நுண்ணறிவு உதவியாளர் 700 ஊழியர்களின் வேலைக்கு நிகரான பணியைச் செய்வதாக அறிவித்தது. எழுதிவைத்த வசனத்தைப் படிப்பதும், ஊரின் சாயலற்ற பொதுக் குரலில் பேசுவதும் எந்திரத்துக்கு எளிதாகிவிட்டன. ஊழியரிடமிருந்து ஊரைக் களைந்தபோது, எந்திரம் அமர்வதற்கான இடத்தையே தொழில் தயார்செய்து வைத்தது.

வரலாறு காட்டும் தீர்ப்பு இது: இணைப்பகம், கல்லூரி, பூங்கா, வரிவிலக்கு என அழைப்பு மையத் தொழிலின் ஒவ்வொரு படியிலும் பொதுப்பணம் கலந்திருக்கிறது, அப்பணத்தில் குள்ளஞ்சாவடியின் முந்திரி விவசாயியும் பங்கு செலுத்தியிருக்கிறார். அதன் பயன் அவர் ஊரை அடைவதற்கு அயல்நாட்டு ஒப்பந்தங்களுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. 104, 181, 1100 முதலிய தமிழ்ச் சேவைகளின் இருக்கைகளை மாவட்டந்தோறும் பகிர்ந்தளிக்கவும், கடலூர் மாவட்டத்தின் அழைப்புகளுக்குக் கடலூர் மாவட்டத்தவரே பதிலளிக்கவும் அரசு வழிசெய்ய வேண்டும். அதற்கான வடமும் மின்சாரமும் இவ்வட்டாரத்தில் உள்ளன. மல்லாட்டை என்றால் என்னவென்று அறிந்த பட்டதாரிகளும் இங்கேயே இருக்கிறார்கள்.